இலவசச் சந்திப்பும் காசு கொடுத்த ஒத்திகையும்: ஒரு பாத்திரக் கடைக்காரனின் மதிப்புரை

மாதுங்காவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக இதே தொழில். ஒரு குடத்தைக் கையில் தூக்கினால் எடையைச் சொல்லிவிடுவேன். விரலால் சுண்டினால் தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுவேன். ஆனால் "இலவசம்", "விருப்பம் இருந்தால் மட்டும்" என்ற இரண்டையும் ஒரே கடிதத்தில் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கள் தெருவில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது பை ஒன்றைத்தான். 2018-ல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் தடை வந்தபோது அதையும் நிறுத்திவிட்டோம்.

போன நவம்பரில் என் மகள் கோமதிக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. சங்கரன்கோவில் கோமதியம்மன் பெயர். என் அம்மாவின் பெயரும் அதுதான். அமெரிக்காவில் அவள் விண்ணப்பித்திருந்த ஒரு கல்லூரியில் படித்த பெண்மணி, இப்போது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை பார்க்கிறவர், மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். விண்ணப்பித்த பிள்ளைகளை அங்கே படித்த முன்னாள் மாணவர்கள் சந்தித்துப் பேசிக் கல்லூரிக்கு எழுதும் வழக்கம் உண்டாம். உனக்கு விருப்பமானால் ஒரு காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் சந்தித்துப் பேசலாம், கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தார். கட்டாயம் இல்லாத ஒன்றை எதற்கு வலிய வந்து கேட்கிறார்கள் என்று நான் கேட்டேன். கட்டாயம் இல்லை என்று அவர்களே சொல்லும்போது நீங்கள் ஏன் பதறுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அன்றிரவு சாப்பாடு ஆறிப்போயிற்று.

அதன்பின் ஜனவரி முடிவதற்குள் இன்னும் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்றுக்கு நேரில் போனாள், ஒன்றில் கணினித் திரையில் பேசினாள், ஒன்றை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். இதற்கு நடுவே, என் புத்தியால், காசு கொடுத்து இந்தச் சந்திப்புக்கு ஓர் ஒத்திகை வகுப்பும் வாங்கினோம். அடுத்த ஆண்டு இதே குழப்பத்தில் நிற்கப்போகிற பெற்றோருக்காக நான்கையும் பற்றி எழுதுகிறேன்.

இதை 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் எழுதுகிறேன். கல்லூரிகளின் முடிவு மார்ச்சில்தான் வரும். அதுவரை பொறுக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்டாள். பொறுத்தால் நேர்மையாக எழுத முடியாது. இடம் கிடைத்தால் அந்தச் சந்திப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவேன். கிடைக்காவிட்டால் காப்பிக் கடைக்காரனையும் சேர்த்துத் திட்டுவேன். கல்லூரிகளின் பெயரை எழுதக் கூடாது என்பது மகளின் உத்தரவு. பொதுவில் தெரிந்த விதிமுறைகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் பெயர் சொல்கிறேன். அவை எங்களுடைய கல்லூரிகள் என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம்.

முதலில் காசு கொடுத்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் அதில்தான்.

அந்தேரியில் ஒரு நிறுவனம். நான்காவது மாடி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்கக் கல்லூரிக் கொடிகள். மூன்று ஒத்திகை வகுப்புக்கு 18,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆக 21,240 ரூபாய். அந்தப் பணத்துக்கு நான் எத்தனை தூக்குச்சட்டி விற்க வேண்டும் என்ற கணக்கை இங்கே எழுதப்போவதில்லை. முதல் வகுப்பில் நாற்பது கேள்விகளும் நாற்பது பதில்களும் அச்சடித்த ஒரு கோப்பைக் கொடுத்தார்கள். "உன் பலவீனம் என்ன?" என்று கேட்டால், "எதையும் குறையில்லாமல் செய்து முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்" என்று சொல்ல வேண்டுமாம். கோமதி அங்கேயே சிரித்துவிட்டாள். பத்து மணிக்கே குறட்டை விடுகிற பிள்ளை அவள்.

இரண்டாவது வகுப்பில் நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அந்தப் பயிற்சியாளர் கேட்டார். குரு தேக் பகதூர் நகர், பழைய பெயர் சயான் கோலிவாடா என்றேன். அவர் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தாராவி என்று சொல்லலாமே சார். பக்கம்தானே. கேட்கிறவர்கள் மனதில் உடனே ஒரு படம் வந்துவிடும்."

எனக்கு வாய் வரவில்லை. கோமதிக்கு வந்தது. "என்னைச் சந்திக்கப்போகிறவர் மும்பைக்காரர். எங்கள் வீட்டுக்கும் தாராவிக்கும் நடுவே ரயில் ஓடுவது அவருக்குத் தெரியும்" என்றாள்.

என் சித்தப்பா குடும்பம் மூன்று தலைமுறையாகத் தாராவி 90 அடிச் சாலையில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தோல் பதனிட்டு, இட்லி விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். தங்கள் முகவரியைச் சொல்லி யாரிடமும் அவர்கள் அனுதாபம் கேட்டதில்லை. அதைக் கடன் வாங்கி என் மகள் காப்பிக் கடையில் விற்க வேண்டுமாம். மூன்றாவது வகுப்புக்கு நாங்கள் போகவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, வகுப்பு உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும், உறவுக்காரப் பிள்ளை யாருக்காவது மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எந்த உறவுக்காரனோடு எனக்குப் பகை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், அந்தக் கோப்பின் அட்டை கெட்டியாக இருந்தது என்று மட்டும் சொல்வேன். அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் மும்பையில் யுஎஸ்ஐஇஎஃப் என்கிற இந்திய-அமெரிக்கக் கல்வி அறக்கட்டளையின் அலுவலகத்திலேயே இருக்கிறது; டெல்லி, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத்திலும் உண்டு. விண்ணப்பம் எப்படி, உதவித்தொகை எப்படி என்ற அடிப்படை விவரங்களை அங்கே காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம். பணத்தைக் கட்டிவிட்டு வந்த பிறகு இது எனக்குத் தெரிந்தது. சரக்கு வாங்கும்முன் நாலு கடை ஏறி இறங்கு என்று வாடிக்கையாளருக்கு உபதேசம் செய்கிறவன் நான்.

இனி உண்மையான சந்திப்பு.

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். சயான் ரயில் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே மூடிவிட்டார்கள். அதனால் மேற்குப் பக்கம் போவதென்றால் சுற்றித்தான் போக வேண்டும். வழியெல்லாம் மேளம், குலால் வண்ணப்பொடி. தாமதமாகிவிடும் என்று பயந்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வண்டி பிடித்தோம். ஐம்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தோம். இந்த ஊரில் சீக்கிரம் போய்ச் சேர்வதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை.

பெற்றோர் கூட வர வேண்டாம் என்பது இந்தச் சந்திப்புகளில் எழுதாத விதி; சில இடங்களில் எழுதிய விதியும்கூட. நான் கூட வரவில்லை, அதே கடையில் தனியாகக் காப்பி குடிக்கிறேன் என்று மகளிடம் வாதாடி, இரண்டு மேசை தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காப்பி 310 ரூபாய். மாதுங்காவில் அந்தப் பணத்துக்குக் குடும்பமே டிபன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடலாம்.

அந்தப் பெண்மணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் கையில் காகிதம் எதுவும் இல்லை. முதலிலேயே ஒன்றைச் சொன்னார்: "உன் மதிப்பெண்ணோ கட்டுரையோ எதையும் நான் பார்க்கவில்லை. உன் பெயர், தொடர்பு விவரம், இவ்வளவுதான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நீ எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்." இது அவருடைய பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், பெரும்பாலான கல்லூரிகளில் ஏற்பாடே இப்படித்தான் என்று தெரிந்தது. முன்னாள் மாணவர் விண்ணப்பக் கோப்பைப் பார்ப்பதில்லை. சம்பளம் இல்லாமல் தன் நேரத்தைக் கொடுக்கிறார். பேசி முடித்தபின் ஒரு குறிப்பு எழுதிக் கல்லூரிக்கு அனுப்புகிறார். அது கோப்பில் உள்ள மற்ற காகிதங்களோடு இன்னொரு காகிதமாகச் சேர்கிறது. பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் கையில் இல்லை.

அந்தேரிக் கோப்பின் முதல் பதில் "என்னைப் பற்றி" என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம். கோமதி அதைத் தொடவே இல்லை. கடையில் தினமும் மாலை ஒரு பெரியவர் சட்டைப்பையில் காந்தத்தோடு வருவார் என்று ஆரம்பித்தாள்.

அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் மட்டமான சரக்கு, ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு. பாதி மும்பைக்கு இதுதான் நம்பிக்கை. கூசாமல் சொல்கிறேன், வியாபாரிகளிலும் பாதிப் பேருக்கு இதுதான் நம்பிக்கை. 304 என்கிற உயர்ந்த ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 202 என்கிற மலிவான ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். சாதாரணமாக இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. அப்படியிருக்க, இரண்டையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, 304 தகட்டையே ஆழமாக அழுத்திக் குடமாகவோ சட்டியாகவோ உருவாக்கும்போது, வளைந்த இடங்களில் காந்தம் லேசாகப் பிடிக்கும். ஆகக் காந்தத்தோடு வருகிற பெரியவர் சில நேரம் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை எடுத்துக்கொண்டு போகிறார்.

இதை அவள் பேசும்போது அந்தப் பெண்மணி குறுக்கே குறுக்கே கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய்? பேட்டரியும் ஒரு சோதனைத் திரவமும் இருக்கிறது, துளி விட்டால் நிறம் மாறும் என்றாள். எத்தனை பாத்திரத்தில் பார்த்தாய்? முப்பது. எப்படித் தேர்ந்தெடுத்தாய்? கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன் என்றாள். பிறகு, இல்லை, கீழ்த்தட்டில் கை எட்டியதை எடுத்தேன், அது சரியான முறை இல்லை என்று தானே திருத்தினாள். சரி, என்ன கிடைத்தது?

"304 என்று சொல்லி வாங்கியவற்றில் நான்கு 202. அப்பாவுக்கு இன்னும் தெரியாது."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் கடை. என் அலமாரி. நான் இருபத்தாறு வருடமாகச் சுண்டிப் பார்த்து வாங்குகிற சரக்கு. அதில் நான்கு சொத்தை என்பதை இரண்டு மேசை தள்ளி, முதுகைக் காட்டியபடி, 310 ரூபாய் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய் எந்த நான்கு என்று கேட்க வேண்டும்போல இருந்தது. எழவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதன் பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, சொன்னால் சப்ளையரோடு சண்டைக்குப் போய்விடுவார், அவரும் ஏமாந்தவராக இருக்கலாம், இன்னும் ஒருமுறை சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன் என்றாள். அந்தப் பதில் எந்தக் கோப்பிலும் இல்லை. அவளுடைய விண்ணப்பக் கட்டுரையிலும் இல்லை. கட்டுரை பாட்டியைப் பற்றியது.

பிறகு அவள் கேள்வி கேட்டாள். உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைகள் தனியாகத் தெரிவார்களா? முதல் குளிர்காலம் எப்படி இருந்தது? வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதீர்களா? அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே அழுதேன் என்றார். முதல் பருவத்தில் எந்தப் பாடத்தில் சறுக்கினார், யாரிடம் போய் உதவி கேட்டார், கேட்க எத்தனை வாரம் வெட்கப்பட்டார் என்று நிறையச் சொன்னார். கல்லூரியின் வண்ணப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் புல்தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சறுக்கியவர் யாரும் அதில் இல்லை.

முடியும்போது அவர் குரலைத் தாழ்த்தாமலே, "அந்தச் சாம்பல் சட்டைக்காரர் உன் அப்பாதானே? ஒரு மணி நேரமாக ஒரே காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்" என்றார். என் காது சுட்டது. உங்கள் பிள்ளைக்கு அழைப்பு வந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். பக்கத்தில் ஒரு பூங்கா இருந்தது, அங்கே உட்கார்ந்திருக்கலாம், 310 ரூபாயும் மிச்சம். ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த நான்கு பாத்திரங்கள் பற்றி எனக்குத் தெரியவந்திருக்காது. இதில் எது லாபம், எது நட்டம் என்று இன்னும் கணக்கு முடியவில்லை.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. போனால் இடம் கிடைக்குமா? போகாவிட்டால் போய்விடுமா?

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பதில் கிடையாது, எல்லாக் கல்லூரிக்கும் சந்திப்பே கிடையாது. ஜார்ஜ்டவுன், உள்ளூரில் முன்னாள் மாணவர் இருந்தால் சந்திப்பு அவசியம் என்கிறது. எம்ஐடி ஆள் கிடைக்கும் இடத்தில் ஏற்பாடு செய்கிறது. ஆள் இல்லாவிட்டால் அது விண்ணப்பத்தைப் பாதிக்காது என்கிறது. பிரின்ஸ்டன் விண்ணப்பத்திலேயே வேண்டாம் என்று குறித்துவிட இடம் கொடுக்கிறது. கொலம்பியா 2023-ல் இந்த வழக்கத்தையே கைவிட்டுவிட்டது. பிரவுனிலும் சந்திப்பு கிடையாது, விரும்பினால் ஒரு சிறு வீடியோ அனுப்பலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நேர்காணலை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களே கேட்கிறார்கள்; அது பரீட்சை.

எம்ஐடி சில ஆண்டுகளுக்கு முன் தன் தளத்தில் ஒரு கணக்கை எழுதியிருந்தது. சந்திப்பு நடந்தவர்களிலும், சந்திப்பிலிருந்து விலக்குப் பெற்றவர்களிலும் 10.8 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. தாங்களாகவே வேண்டாம் என்றவர்களில் 1 விழுக்காட்டினருக்கு. இதைப் பார்த்தவுடன் என் மனைவி பூஜை அறைக்குப் போய்விட்டாள். நான் கடைக்காரன், எனக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. படியேறிக் கடைக்குள் வந்தவர்களில் பத்தில் ஒருவர் வாங்குகிறார், வாசலில் நின்றுவிட்டுப் போகிறவர்களில் நூற்றில் ஒருவர் வாங்குகிறார். அதனால் படிதான் சரக்கை விற்கிறது என்று சொல்ல முடியுமா? வாங்க நினைத்தவன் ஏறி வருகிறான். மனமில்லாமல் விண்ணப்பித்த பிள்ளை சந்திப்பையும் வேண்டாம் என்கிறது. ஆனாலும், வாசலில் நிற்கிறவனைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இவன் வாங்க வரவில்லை என்றுதான் நினைப்பேன். கல்லூரிக்காரர்களும் மனிதர்கள்தான்.

இன்னொன்று, சேர்க்கையில் இனப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடுத்த வழக்கில் வெளிவந்தது. ஆசிய வம்சாவளி விண்ணப்பதாரர்களின் குணநலன்களுக்குச் சேர்க்கை அலுவலகம் குறைவாக மதிப்பெண் போட்டது, நேரில் சந்தித்துப் பேசிய முன்னாள் மாணவர்களோ வெள்ளையருக்குப் போட்டதை ஒட்டியே போட்டார்கள் என்று வழக்குத் தொடுத்தவர்கள் வாதாடினார்கள். ஹார்வர்டு பாகுபாட்டை மறுத்தது. 2019-ல் கீழ் நீதிமன்றம் ஹார்வர்டின் பக்கம் நின்றது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டச் சண்டைக்குள் நான் நுழையவில்லை. காகிதத்தில் பார்த்தவர் ஒரு மதிப்புப் போட்டார், முகத்தைப் பார்த்தவர் வேறு மதிப்புப் போட்டார் என்ற அந்த வாதம் மட்டும் என் மனதில் நின்றது. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்குகிற இந்தியப் பிள்ளை என்று ஒரு கட்டுக்குள் வைத்துக் கட்டிவிடக்கூடிய விண்ணப்பம்தான் எங்களுடையதும். சட்டைப்பைக் காந்தத்தோடு வருகிற பெரியவர் அந்தக் கட்டுக்குள் இல்லை.

இந்த விண்ணப்பப் படலத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் காசு. பல கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 75 டாலரும் அதற்கு மேலும். உதவித்தொகைக்கான சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 16. டாலர் 86 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் இதைக் கூட்டிப் பாருங்கள். விலக்கு கேட்டால் பல இடங்களில் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். காசே கேட்காமல் ஒருவர் தன் சனிக்கிழமையைக் கொடுப்பது இந்தச் சந்திப்பில் மட்டும்தான்.

இரண்டாவது சந்திப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜனவரி இரண்டாவது வாரம், ஞாயிறு இரவு, ஜூம் வழியாக. வேறு ஊரில் இருக்கிற மூத்தவர் ஒருவர். நாற்பது நிமிடத்தில் முப்பத்தைந்து நிமிடம் அவரே பேசினார். அவருடைய காலத்தில் விடுதி எப்படி இருந்தது, அவர் தொடங்கிய நிறுவனம், விற்ற நிறுவனம், மகனின் டென்னிஸ். கோமதி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உன்னோடு பேசியதில் மிகவும் மகிழ்ச்சி" என்றார். இவள் எங்கே பேசினாள்? அவர் என்ன எழுதி அனுப்பியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. சமையல் தெரியாதவரும் சில நேரம் அன்னதானத்தில் கரண்டி பிடித்துவிடுகிறார். தொண்டர்களை நம்பி நடக்கிற எந்த ஏற்பாட்டிலும் இது உண்டு. அதனால் கெடுதல் வந்ததாகவும் தெரியவில்லை; ஞாயிற்றுக்கிழமை இரவுப் படிப்பு போயிற்று. ஐந்துக்கு இரண்டு.

மூன்றாவது, நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிற விஷயம்.

அந்த அழைப்பு ஒன்பது நாள் ஸ்பேம் பெட்டியில் கிடந்திருக்கிறது. முன்பின் தெரியாதவர் சொந்த முகவரியிலிருந்து அனுப்புகிற கடிதங்கள் அங்கே போய் விழுவது சாதாரணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் அவள் அதைப் பார்த்தபோது, ஒரு பக்கம் ஜேஇஇ மெயின், மறுபக்கம் எச்எஸ்சி செய்முறைத் தேர்வுகள். பிப்ரவரி 11 அன்று எழுத்துத் தேர்வு தொடங்குகிறது. அழைத்தவர் கொடுத்திருந்த இரண்டு நாளும் அவளுக்குத் தோதுப்படவில்லை. கல்லூரியின் தளத்தில் சந்திப்பு கட்டாயமில்லை, மறுப்பதால் பாதகமில்லை என்று எழுதியிருக்கிறது. அவள் நாலு வரியில் பதில் எழுதினாள்: தாமதத்துக்கு மன்னிப்பு, பொதுத் தேர்வு நாட்கள் இவை, இப்போது என்னால் இயலவில்லை, அழைத்ததற்கு நன்றி.

வேறு நாள் கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி. காலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம், வீட்டிலிருந்தபடியே. அரை மணி நேரம் பேசுவதற்கு இரண்டு நாள் மனம் அதிலேயே கிடக்கும் என்பது அவள் கட்சி. அந்தக் கல்லூரி அவளுடைய பட்டியலில் கடைசி. பட்டியலில் முதலாவதாக இருந்திருந்தால் காலை நாலு மணிக்குக்கூட எழுந்திருப்பேன் என்கிறாள். அது சரிதான் என்று புத்திக்குப் படுகிறது. மனம் ஒப்பவில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போகிற வாடிக்கையாளரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பதிலே போடாமல் இருந்திருந்தால் அது வேறு. அழைத்தவர் ஒருவர், சம்பளம் வாங்காதவர், காத்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்பதை வேண்டாம் என்று எழுதிவிட வேண்டும், அதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இல்லை.

முதல் சந்திப்பின் கல்லூரி டிசம்பர் நடுவில் பதில் சொன்னது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. மார்ச் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கும் அந்தச் சந்திப்புக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பதற்கும் தொடர்பில்லை. பதினேழு வருடம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் நான் கேட்காத கேள்வியை ஒரு வெளியாள் அவளிடம் கேட்டார். அதற்கு அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. சப்ளையரோடு நான் சண்டை போடவில்லை. சோதனைத் திரவத்தோடு போனேன். அந்த ஆள் முகம் வெளுத்து, தகடு கொடுத்தவனைக் கூப்பிட்டான். அது தனிக் கதை.

ஒரு தவறு பாக்கி. அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று, நவம்பரிலேயே, இரண்டடுக்கு டிபன் கேரியர் ஒன்றை எடுத்தேன். அசல் 304, அதிலும் துளி விட்டுப் பார்த்தேன். மூடியில் அவர் பெயரை மராத்தியில் வெட்டினேன். பெயர் வெட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு இன்னும் கை தவறாது. தாளில் சுற்றி, கூரியருக்குக் கொடுக்கும் நேரத்தில் கோமதி பார்த்துவிட்டாள். "அப்பா, அவர் என்னைப் பற்றிக் கல்லூரிக்கு எழுதப்போகிறவர். இதை அனுப்பினால் லஞ்சம்" என்றாள். நன்றிக் கடிதம் மட்டும் போயிற்று, ஐந்து வரி.

பெயர் வெட்டிய பாத்திரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. கேரியர் கடையில் மேல்தட்டில், குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காந்தப் பெரியவர் நேற்று வந்தபோது அதைக் காட்டி விலை கேட்டார். அது விற்பனைக்கு இல்லை, ஏப்ரலில் கொடுக்க வேண்டியது என்றேன். வாங்கிக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, மூடியின் ஓரத்தில் லேசாக ஒட்டுகிறது, ஏமாந்துவிட்டாய் என்றார்.